வாணி பெயரில் ஒரு பூசை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
11 மார்ச் 2025

வாணிக்கு,

பேச மாட்டேன் என்றுதான் மாதாவிடம் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. ஆகவே எழுதுகிறேன். மாமியார் இறங்கி வந்துவிட்டாள் என்று இதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

பக்கத்து வீட்டு வசந்தா நேற்றுச் சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் மருமகனும் நீ இருக்கிற துலூஸில்தானே இருக்கிறான், அவன் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த படத்தை அனுப்பியிருக்கிறான். புல்வெளியில் ஒரு சின்ன ஹெலிகாப்டர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. மேல் விசிறி ஒடிந்து கிடக்கிறது. பயிற்சியில் விபத்து, மாணவிக்குக் காயம் என்று போட்டிருக்கிறதாம். "அக்கா, இது நம்ம வாணி படிக்குற எடந்தானே?" என்கிறாள். என் மருமகள் விழுந்த சேதியை வசந்தா சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ரஃபாயேலைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். "ஒண்ணும் இல்லம்மா, சின்ன அடிதான்" என்கிறான். நான் பெற்ற மகன். பெண்டாட்டியைக் கட்டுப்போட்டுப் படுக்க வைத்துவிட்டு, ஒரு வாரமாக என்னிடம் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் ஏன் சத்தியம் செய்தேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். உன் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாராசூட்டில் குதித்தவர். அவர் குதிக்கிற நாளெல்லாம் நான் இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆளை வானத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தது ஒரு ஆயுசுக்குப் போதும். போன வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் நேரே வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய், அந்தப் படிப்பை நீ விடும் வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னோடு மணிக்கணக்கில் போனில் ஊர்வம்பு பேசினவள் நான். இப்போது அந்த நேரத்தில் டிவி பார்க்கிறேன். டிவியில் ஒன்றும் நன்றாக இல்லை.

எந்த எலும்பு? கஞ்சி யார் வைத்துக் கொடுக்கிறார்கள்? ரஃபாயேல் வைத்தால் குடிக்காதே.

இதை வசந்தாவை விட்டுப் படம் எடுத்து அவன் போனுக்குத்தான் அனுப்புகிறேன். உன் போனுக்கே அனுப்பினால் பேசின கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று ஒரு சந்தேகம்.

மார்கரீத்


துலூஸ்
15 மார்ச் 2025

அத்தைக்கு வணக்கம்.

இடது காறை எலும்பு. வலது கை சும்மா இருப்பதால் பதில் எழுதுகிறேன்.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். சொல்லாதே என்றது நான்தான். பேசாத மாமியாருக்கு விழுந்த சேதியை எப்படிச் சொல்லி அனுப்புவது? நீங்களும் "நான் அப்பவே சொன்னேன்" என்று அவனிடம் சொல்லி அனுப்புவீர்கள். அதை அவன் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் சொன்னால்தான் அது அழகு.

நடந்ததைச் சொல்கிறேன். தலைக்கு மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் ஹெலிகாப்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். திரும்பவிடாமல் காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் காலடியில் இரண்டு மிதிகள். நான் இத்தனை மாதமாகப் பழகியது அமெரிக்க ஹெலிகாப்டர். கிளம்பும்போது அதில் இடது காலை அழுத்த வேண்டும். அது பழுது பார்க்கப் போய்விட்டது என்று பிரெஞ்சு ஹெலிகாப்டரைக் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விசிறியை எதிர்ப்பக்கம் சுற்ற விட்டிருக்கிறார்கள். இதில் வலது காலை அழுத்த வேண்டும்.

தெரியாமல் ஏறவில்லை அத்தை. எனக்குச் சொல்லித்தருகிற வலேரி, எந்தக் கால் என்று கேட்டாள். வலது கால் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். தரையை விட்டு ஒரு முழம் எழும்பியதும் இடது கால் என்னைக் கேட்காமலே போய் மிதித்துவிட்டது. ஹெலிகாப்டரின் மூக்கு சுழன்றது. வலேரி பிடுங்கிக்கொண்டு இறக்கப் பார்த்தாள், அதற்குள் அடியில் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற கட்டை புல்லில் இடறிச் சாய்ந்தோம். விசிறி தரையில் அடித்துத் தூள். வலேரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் அவளுக்கு மேலே பெல்ட்டில் வௌவால் மாதிரி தொங்கினேன். அந்த பெல்ட்தான் எலும்பை ஒடித்தது, உயிரையும் அதுதான் பிடித்து வைத்தது.

தொங்கும்போது கத்தினேனாம். வலேரி சொல்கிறாள். அம்மா என்று கத்தவில்லை, "அத்தே" என்று கத்தினேனாம். அது உங்கள் சாமி பெயரா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் பேசாத சாமி என்றேன்.

கஞ்சி நானே ஒரு கையால் வைத்துக்கொள்கிறேன்.

வாணி


முத்தியால்பேட்டை
4 ஏப்ரல் 2025

வாணிக்கு,

சாமி கீமி என்று எழுதி ஐஸ் வைக்காதே. அந்த வரியை நான் மூன்று தரம் படித்ததாக வசந்தா உனக்குச் சொன்னால் நம்பாதே.

இடது எது வலது எது என்று தெரியாதா உனக்கு? நம் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கம்பெனி மெஷின் ஓட்டினவள், பாகூர் பக்கம் சேற்றில் நடவு நட்ட குடும்பத்துப் பெண், கால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? வாயால் சரியாகச் சொன்னாளாம், கால் தப்பாகப் போச்சாம். கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

பிரெஞ்சுக்காரன் எதிர்ப்பக்கம் சுற்றுவது மட்டும் எனக்கு ஆச்சரியமில்லை. கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தும் உன் மாமனார் பென்ஷனுக்காகப் பிரெஞ்சுக் கொன்சுலா ஆபீசில் நான் சுற்றாத சுற்றா? ஊர் உலகமெல்லாம் ஒரு பக்கம் என்றால் அவர்கள் ஒரு பக்கம்.

உன் பெயரில் ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். உன்னை உயிரோடு விட்டுவைத்ததற்கு. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நம் கோயில் உபதேசியார் கஸ்தோனைப் பார்த்தேன். "எம் மருமக வாணி பேர்ல ஞாயித்துக்கெழமையில ஒரு பூசை வேணும்" என்றேன். "ஆவட்டும்மா" என்றார். பூசைக்கு யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் மைக்கில் வாசிப்பவர் அவர்தான். ஞாயிறெல்லாம் நிறைந்து போய் ஜூன் 22தான் கிடைத்தது. சமாதானப் பூசை என்று நினைத்துவிடாதே. நன்றி மாதாவுக்கு, உனக்கில்லை.

உன் அப்பா அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் பாடு.

படிப்பை விட்டுவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அடுத்த நிமிஷம் உன் போன் அடிக்கும்.

மார்கரீத்


துலூஸ்
12 ஜூன் 2025

அத்தைக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வரியை எழுதிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. எழுதினால் நீங்கள் பேசுவீர்கள். பொய் சொல்லி வாங்கின பேச்சு எனக்கு வேண்டாம்.

எலும்பு கூடிவிட்டது. மனசு கூடத்தான் நாளானது. வலேரியோடு மறுபடி அதே மாதிரி பிரெஞ்சு ஹெலிகாப்டரில் ஏறின முதல் நாள், எந்தக் கால் முந்திக்கொள்ளுமோ என்று மிதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிவிட்டேன். வீட்டில் தரையில் இரண்டு செருப்பைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பழகினேன். ரஃபாயேல் சமையலறையிலிருந்து "கெளம்பு!" என்று கத்துவான், நான் வலது செருப்பை அழுத்த வேண்டும். தப்பாக அழுத்தினால் அன்று பாத்திரம் நான் தேய்க்க வேண்டும். முதல் வாரம் முழுக்க நான்தான் தேய்த்தேன். இப்போது அவன் தேய்க்கிறான்.

வருகிற 22ஆம் தேதி ஞாயிறு காலையில் என்னைத் தனியாக ஓட்டச் சொல்லியிருக்கிறாள் வலேரி. அவள் கீழே நின்று பார்ப்பாள். பக்கத்து இருக்கை காலி. உங்கள் பூசையும் அன்றுதான் என்று நினைத்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

ஏன் விட மாட்டேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நானே சொல்கிறேன். தரையை விட்டு எழும்பி ஓரிடத்தில் அசையாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அப்போது எனக்கு ஒரு கவலையும் இருப்பதில்லை. கம்பெனியில் நின்ற காலிலும் இல்லை, கல்யாணப் பந்தலிலும் இல்லை, அந்த மாதிரி ஒரு சந்தோஷம். அதை நான் முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். நீங்கள் அதற்குள் வில்லியனூர் போய்விட்டீர்கள்.

அம்மாவிடம் "ஹெலிகாப்டர் லேசாச் சாஞ்சுது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மாட்டுவண்டி சாய்ந்த மாதிரி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடுகிற நேரத்தில் இன்னும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். மடத்தனம்தான். ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பேசுங்கள் அத்தை. திட்டினாலும் சரி.

வாணி


முத்தியால்பேட்டை
23 ஜூன் 2025

வாணி,

நேற்றுப் போனில் இரண்டு பேரும் அழுததில் நடந்தது எதையும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடவும் பயமாக இருக்கிறது. சத்தியத்தை உடைத்தது உடைத்ததுதான், மாதாவிடம் முதலில் கணக்குத் தீர்க்க வேண்டும். அதுவரை எழுத்துதான்.

காலைப் பூசைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். நன்றிப் பூசை அல்லவா? முன்வரிசையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன். கஸ்தோன் மைக்கைத் தட்டிவிட்டு வாசித்தார்: "மறைந்த கலைவாணியின் ஆன்மா இளைப்பாறும்படியாக, அவருடைய மாமியார் மார்கரீத் ஒப்புக்கொடுக்கும் பூசை." மோன் தியே, என் கடவுளே! பட்டுச் சேலையில் நான்.

பூசை நடுவில் எழுந்து சண்டை போட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். முடிந்ததும் கஸ்தோனை வாசலில் மடக்கினேன். "யோவ், எம் மருமக குத்துக்கல்லாட்டம் இருக்குறாய்யா!"

"அப்டியாம்மா? நீங்க எப்பவும் செத்தவங்களுக்குத்தானே குடுப்பீங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் வாஸ்தவம். உன் மாமனார், அவர் அண்ணன், என் அப்பா, அம்மா என்று இத்தனை வருஷத்தில் உயிரோடு இருக்கிற ஒருத்தருக்காக நான் ஒரு பூசை கொடுத்ததில்லை. நான் பெயரைச் சொன்னால் அவர் கை தானாகச் செத்தவர்கள் வரிசையில்தான் எழுதும். "அடுத்த வாரம் உயிரோட இருக்காங்கன்னு வாசிச்சுடறேன்" என்றார். சரி, ஒழியட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தேன், சேதி என்னோடு வரவில்லை, ஊருக்குப் போய்விட்டது. உன்னோடு கம்பெனியில் வேலை பார்த்த நிர்மலா பின்வரிசையில் இருந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சினது அவள்தான். அழுதுகொண்டே கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் உன் படத்தைப் போட்டு, கூடவே ஒரு விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டாள். அங்கிருந்து உன் ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

மத்தியானம் சோற்றில் கை வைக்கப் போகிறேன், வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. உன் அம்மா தனக்கொடியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பின்னால் உன் அப்பா சுப்பிரமணியன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் உன் ஊரே. உன் சித்தப்பா மகன் செம்மல் கையில் சுருட்டின பேனர். அதற்குள் அச்சடித்துவிட்டான். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, "விண்ணில் பறந்தவளே, விண்ணுக்கே போனாயோ" என்று எழுதி, உன் கல்யாணப் படம். பக்கத்தில் துப்பாக்கி வைத்த பட்டாளத்து ஹெலிகாப்டர்.

"லேசாச் சாஞ்சுதுன்னுதானே சொன்னா சம்பந்தி! இப்படிச் சாஞ்சுதுன்னு சொல்லலியே!" என்று உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, வாணிக்கு ஒண்ணும் இல்ல, கோயில்ல தப்பா வாசிச்சுட்டாங்க" என்று நானும் கத்திப் பார்த்தேன். உன் கடிதத்தைக் காட்டினேன். "அது பத்து நாளைக்கு முன்ன எழுதுனது. இப்ப அவ கொரலக் கேக்கணும். போனப் போடு" என்றாள்.

போட்டார்கள். அடித்தது, நீ எடுக்கவில்லை. ரஃபாயேலுக்குப் போட்டார்கள், அவனும் எடுக்கவில்லை. மறுபடி உனக்கு. மறுபடி அவனுக்கு.

கஸ்தோன் செய்த கூத்தில் மறந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று 22. நீ தனியாக ஏறுகிற நாள். பக்கத்து இருக்கை காலி.

பூசைக்குச் சொன்னவள் நான். தப்பு எங்கே நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆளும் நான். இருந்தும் நம்பிவிட்டேன் வாணி. கஸ்தோன் தப்பாக வாசிக்கவில்லை, கொஞ்சம் முன்கூட்டி வாசித்துவிட்டார் என்றே நினைத்தேன். உன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள் மடியிலேயே விழுந்து கதறினேன். அதைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. ஒப்பாரி ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பெண் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு போன். அதைக்கூட நான் கொடுக்கவில்லை. அழும்போது என் மனசில் ஓடினது அது ஒன்றுதான். திட்டினாலும் சரி என்று எழுதியிருந்தாய். ஏறுவதற்கு முன்னால் உன்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று அழுதேன்.

அப்போது உன் அம்மாவின் போன் அடித்தது. திரையில் உன் பெயர். அவள் எடுத்துப் பேசப் பயந்து அதை என் கையில் திணித்தாள். "நீயே பேசு சம்பந்தி, எனக்குக் கை ஓடல" என்றாள். அந்த நேரத்தில் சத்தியம் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாக நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டேன்.

மார்கரீத்


துலூஸ்
25 ஜூன் 2025

அத்தை,

உங்கள் கடிதத்தை ரஃபாயேல் சத்தமாகப் படித்தான். பேனரில் எழுதியிருந்ததைப் படிக்க வந்ததும் சிரிப்பில் அவனால் முடியவில்லை, நான் வாங்கிப் படித்தேன். தன் அம்மா அழுத இடம் வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். ரஃபாயேலும் கூட வந்திருந்தான், எங்கள் போன் இரண்டும் காரில் கிடந்தன. நான் தனியாக ஏறினேன். கிளம்புகிற நேரத்தில் வலது கால் சரியாகப் போய் அழுத்தியது. மூக்கு நேராக நின்றது. மூன்று சுற்று சுற்றி வந்து, இறக்கிய இடத்தில் கோழி முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது. முதல்முறை தனியாக ஓட்டியவர்கள் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது இங்கே வழக்கம். வலேரி இரண்டு வாளி ஊற்றினாள், ஒன்று உடைந்த ஹெலிகாப்டருக்காம். சொட்டச் சொட்டக் காருக்கு வந்து போனைப் பார்த்தால், எண்ண முடியாத அளவுக்கு அழைப்புகள். பயந்துபோய்த் திருப்பிக் கூப்பிட்டேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? உயிரோட இருக்குறியா இல்லியா, வாயத் தொறந்து சொல்லுடி!"

ஒரு வருஷம் கழித்து உங்கள் குரல். பின்னால் முப்பது பேர் ஓலம். செத்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. "இருக்குறேன் அத்தே" என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் அழுதோம். வலேரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போனைக் காட்டி, உன் சாமி பேசிவிட்டதா என்று கேட்டாள்.

கஸ்தோன் ஐயாவைத் திட்டாதீர்கள். அவர் கை செய்ததைத்தான் என் காலும் செய்தது. செம்மலிடம் சொல்லி அந்தப் பேனரை வாங்கி வையுங்கள், அந்தப் படத்தில் நான் அழகாக இருப்பேன். அம்மா, ஆசைதீர என்னைத் திட்டிவிட்டுப் படம் கேட்டாள், நனைந்த தலையோடு அனுப்பியிருக்கிறேன்.

நான் இனியும் பறப்பேன் அத்தை. அதை மறைத்து ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் பேசியது அந்த ஒரு நாளைக்கு மட்டும்தானா? கேட்கப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

வாணி


முத்தியால்பேட்டை
30 ஜூன் 2025

வாணிக்கண்ணு,

பேனர் என் வீட்டு வாசலில் தொங்குகிறது. கண்ணீர் அஞ்சலிக்கு மேல் செம்மல் காகிதம் ஒட்டி, வாழ்த்துகிறோம் என்று எழுதிவிட்டான். விண்ணுக்கே போனாயோ என்பதை அழிக்க வேண்டாம், அது இப்போதும் பொருந்துகிறது என்றான். போகிற வருகிற ஆள்கள் நின்று படித்துவிட்டு, சிரிப்பதா துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் போகிறார்கள். நேற்றுப் பூசையில் கஸ்தோன், கலைவாணி நல்ல சுகத்தோடு இருக்கிறார் என்று வாசித்தார். கோயிலே சிரித்தது.

மத்தியானத்துக்கு மேல் வில்லியனூர் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் மாதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கி ஏற்றினேன். முட்டி போட்டேன். "தாயே, சத்தியத்தை மீறிட்டேன், மனஸ்தாபப்படுறேன்" என்று ஆரம்பித்தேன்.

செய்த தப்புக்கு வருந்த வேண்டுமே, அந்த மனஸ்தாபம் வரவில்லை. எவ்வளவு நேரம் முட்டி போட்டும் வரவில்லை. "இருக்குறேன் அத்தே" என்று நீ சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்து எனக்குச் சிரிப்பாக வருகிறது. பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பி முறைத்தாள். மாதா முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். "மறுபடி அவ போன் அடிச்சா மறுபடி எடுப்பேன் தாயே. நீயும் ஒரு புள்ளய வளத்தவதானே" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ ஏறுகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது, அது என் தலையெழுத்து. ஆனால் தரையில் கால் வைத்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும். ரஃபாயேல், வலேரி, தண்ணீர் எல்லாம் அப்புறம். உன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன், ஆறின சோற்றைத் தின்ன வைக்காதே.

அத்தை